எழுந்துட்டான்

"கையைத் தூக்குடா."

"தூக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்."

"அந்தக் கை இல்ல. இடது கை."

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. சர்ச்சிலிருந்து வந்ததும் வராததுமாக டெல்வின் சமையலறைக்குள் நுழைந்து, கோட்டைக் கழற்றிவிடச் சொல்லி அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றான். இருபத்துநாலு வயசுப் பிள்ளை. நின்றால் வாசல் நிலையே அடைத்துக்கொள்ளும். அந்தத் தோளிலிருந்து இடது கை மார்பு உயரம் வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மேலுதட்டில் மட்டும் வியர்வை, அந்தக் குளிரில்.

"எப்பயிலிருந்து?"

"சும்மா பிடிச்சிருக்கும்மா."

"எப்பயிலிருந்துன்னு கேட்டேன்."

"எட்டாவது மேட்ச்."

"டாக்டர் பாத்தாரா?"

"பாத்தா எழுதுவாரு. எழுதினா நான் வெளிய உக்காரணும். கான்ட்ராக்ட் பேசப்போற வருஷம்மா இது. அப்பாகிட்ட சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

வெர்லீன் சத்தியம் பண்ணினாள். பண்ணிவிட்டு, பதிலுக்கு அவளும் அவனிடம் ஒன்று கேட்க நினைத்தாள். இன்று நேற்று நினைத்தது இல்லை. அவன் பால்பல் விழுந்த வயசிலிருந்து அவள் தொண்டையில் கிடக்கிறது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் வாசலில் புருஷன் ராஸ்கோவின் டிரக் வந்து நின்று கதவு அறையும் சத்தம் கேட்டது. கேட்க வந்ததை விழுங்கிவிட்டுக் கோட்டை எடுத்துப்போய் மாட்டினாள்.

டெல்வின் அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன். எதிரே நிற்கிற பதினோரு பேரும் அவனைத் தரையில் சாய்க்கத்தான் சம்பளம் வாங்குகிறார்கள். ஆக, விழுவது அவன் வேலை. விழுந்த மறுநொடி எழுவதும் அவன் வேலைதான் என்று ஆக்கி வைத்தவன் ராஸ்கோ.

ராஸ்கோவும் ஒரு காலத்தில் இந்த ஊர், பீச்சம் கிராஸிங் பள்ளிக்கூடத்துக்காக ஓடியவன். ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் முட்டி திரும்பி, புல்லில் கிடந்தான். அன்றைக்கு அவனைப் பார்ப்பதற்கென்றே ஒரு கல்லூரி டீமுக்கு ஆள் எடுக்கிறவர் வந்திருந்தார். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார். தரையில் கிடந்தபடியே ராஸ்கோ அந்தத் தொப்பி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு இந்த ஊரில் இருக்கிற ஒரே வேலைக்குப் போனான். கெளுத்தி மீன் குளங்களில் வலை இழுக்கிற வேலை. மகன் பிறந்து, ஓடத் தெரிந்ததும், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். விழுந்தால் கிடக்காதே. கிடக்கிறவனைப் பார்க்க எவனும் உட்கார்ந்திருக்க மாட்டான்.

டெல்வின் கிடக்கவில்லை. நாலு பேர் மேலே விழுந்தாலும், குவியல் கலையும்போது முதலில் எழுகிறவன் அவன்தான். எழுந்து வலது கையைக் கூட்டத்தைப் பார்த்துத் தூக்குவான். ஊரே ஒரே குரலில் "எழுந்துட்டான்!" என்று கத்தும். முடிவெட்டுகிற கடையில், பெட்ரோல் பங்கில், இழவு வீட்டில்கூட அந்தச் சொல் புழங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது திரும்பி வந்தால் "எழுந்துட்டான்!" பாதிரியார் ஈஸ்டர் அன்றைக்குக் கல்லறை திறந்ததைச் சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்த, பின்வரிசையிலிருந்து யாரோ கத்த, சர்ச்சே சிரித்தது. ராஸ்கோ அதைச் சட்டையில் அச்சடித்து வைத்திருந்தான். வெர்லீனுக்கும் ஒன்று தந்தான். அவள் அதை அடுப்பு துடைக்க எடுத்துக்கொண்டாள் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

ஜூலை வந்தது. வெயில் காலையிலேயே ஏறிவிடுகிற மாதம். குளங்களில் மீனுக்குக் காற்று ஏற்றுகிற சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தன. பருத்தி வயலுக்கு மேலே மருந்து தெளிக்கிற சின்ன விமானம் கூரையை உரசுகிற மாதிரித் திரும்பித் திரும்பிப் போனது. மகன் கட்டிக்கொடுத்த செங்கல் வீட்டில் குளிரூட்டி ஓடியது. வெர்லீன் இருபது வருஷமாகப் போகிற மீன் ஆலைக்கே இன்னும் போய்க்கொண்டிருந்தாள்.

"கோடீஸ்வரியம்மா வந்துட்டாங்க, வழி விடுங்கடி" என்றாள் டொரீத்தா, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டே. ராஸ்கோவின் தங்கை, பக்கத்து மேஜை. "உன் இடத்துல நான் இருந்தா, இந்நேரம் கட்டில்ல படுத்துக்கிட்டு மீன் வாசனைன்னா என்னன்னு கேட்டிருப்பேன்."

"அந்தக் காசு எங்கேருந்து வருதுன்னு தெரியுமாடி? அவன் முட்டியிலேருந்து வருது. அவன் முட்டிய நான் சாப்பிடணுமா?"

"நீ சாப்பிடாட்டி எனக்குக் குடு. நான் உப்புப் போட்டுச் சாப்பிடுவேன்."

வெர்லீன் சிரித்தாள். போன வருஷம் வரை அவள் கத்தி பிடித்து மீன் உரிக்கிற வரிசையில் நின்றவள். கடிகாரத்தோடு பின்னால் நின்ற மேஸ்திரி ஒருநாள், "உன் கை தேஞ்சுபோச்சு வெர்லீன்" என்று சொல்லி, ஐஸ் கொட்டி அடைக்கிற மேஜைக்கு மாற்றினான். சம்பளமும் குறைந்தது. கையைத் தேய்த்தது யார் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்று கேட்காத கோபம் உள்ளே எங்கேயோ உட்கார்ந்திருந்தது.

"நாளைக்கு டெல்வினோட ஏஜென்ட் வர்றானாமே?" என்றாள் டொரீத்தா.

"வர்றான். சாப்பிட வா. நீ இருந்தா எனக்குத் தைரியம்."

"தைரியம் எதுக்கு? கான்ட்ராக்ட்தானே?"

வெர்லீன் ஐஸை வாரினாள்.

ஞாயிறு மதியம் ஏஜென்ட் ஹாலோவே வந்தார். அட்லாண்டாக்காரர்; வெள்ளைச் சட்டை, சத்தம் போடாத கார். வீட்டுக்குள் நுழையும்போதே மூக்கை இழுத்து, "மிஸ் வெர்லீன், இந்த வெண்டைக்காய் வாசனைக்கே ஏழு மணி நேரம் கார் ஓட்டலாம்" என்றார். மேஜையில் பொரித்த வெண்டைக்காய், பன்றிக்கறி போட்டு வேகவைத்த தட்டைப்பயறு, சோள ரொட்டி, தோட்டத்துத் தக்காளி, ஐஸ் மிதக்கிற இனிப்பு டீ. மீன் மட்டும் அந்த வீட்டில் சமைப்பதில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை ஹாலோவே தொழில் பேசவில்லை; அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர். பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கையடக்கத் திரையை மேஜைமேல் சாய்த்து வைத்தார்.

"மொதல்ல டீம்காரங்க சொல்றத அப்படியே சொல்றேன். என் மேல கோபப்படக் கூடாது. நான் தபால்காரன் மாதிரி."

"தபால்காரன் நூத்துக்கு மூணு எடுத்துக்க மாட்டானே" என்றாள் டொரீத்தா.

ஹாலோவே சிரித்தார். ராஸ்கோ சிரிக்கவில்லை. "சொல்லுங்க சார். என் பையனுக்கு என்ன விலை?"

"ரெண்டு வருஷம். மொத வருஷச் சம்பளம் மட்டும்தான் உறுதி. ரெண்டாவது வருஷம் ஆடினாக் காசு, ஆடாட்டி இல்ல."

"அதே டீம்ல பந்தை எறியற பையனுக்கு?"

"அது வேற, சார்."

"எவ்வளவு வேற?"

"அவனுக்குக் குடுத்ததுல பத்துல ஒரு பங்கு இது."

ராஸ்கோ நாற்காலியைப் பின்னால் தள்ளினான். டெல்வின் தட்டிலிருந்த ரொட்டித் தூளை விரலால் கூட்டிக்கொண்டிருந்தான். வலது கை விரலால்.

ஹாலோவே நிதானமாக விளக்கினார். முதல் ஏழு ஆட்டங்களில் டெல்வின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நல்ல தூரம் எடுத்திருக்கிறான். லீக்கிலேயே முதல் நாலைந்து பேரில் ஒருவன். அதற்கப்புறம் சரிவு. மோதுகிறவனை உதறிவிட்டு ஓடுவது பாதியாகக் குறைந்துவிட்டது. இடது பக்கம் ஓடும்போது பந்தை இடது கைக்கு மாற்றுவதில்லை. அதனால் இரண்டு தடவை பந்து நழுவியது. "அலட்சியம்னு எழுதியிருக்காங்க. இவன் ஆடற இடத்துக்கு இருபத்தேழு வயசு தாண்டினா இறங்குமுகம்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. இவன் முன்னாடியே இறங்க ஆரம்பிச்சுட்டானோன்னு சந்தேகம். டயர்ல எவ்வளவு மிச்சம் இருக்குன்னுதான் பாப்பாங்க."

"எதுல?" என்றாள் வெர்லீன்.

"டயர்ல. தேய்மானம். இந்தத் தொழில்ல பேசற பேச்சு, மிஸ் வெர்லீன்."

"எங்க ஆலையிலயும் அதே பேச்சுதான். தேய்க்கறவன் எழுதற பேச்சு."

"வெர்லீன்" என்றான் ராஸ்கோ, அதட்டலாக.

"என்ன வெர்லீன்? பெத்த பிள்ளைய என் மேஜையில வச்சு டயர்ங்கிறாரு, நான் டீ ஊத்திக்கிட்டு நிக்கணுமா?"

"அவங்க அப்படித்தாம்மா பேசுவாங்க" என்றான் டெல்வின், மெதுவாக. அந்த மெதுவான குரல்தான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

ஹாலோவே எட்டாவது ஆட்டத்தின் ஒரு துண்டைப் போட்டார். பந்தை எறிகிறவன் முன்னால் பார்த்தபடி நிற்கிறான். அவனுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து ஒரு மலை மாதிரி ஆள் பாய்ந்து வருகிறான். டெல்வின் கையில் பந்து இல்லை. இரண்டு எட்டில் குறுக்கே போய், இடது தோளைக் கொடுத்து அந்த மலையை வாங்குகிறான். இரண்டு பேரும் சாய்கிறார்கள். பந்து பறந்து போய் எல்லைக்கோட்டைத் தாண்டிய சக ஆட்டக்காரன் கையில் விழுகிறது. மைதானமே அந்தப் பக்கம் ஓடுகிறது. இந்தப் பக்கம் டெல்வின் வலது கையை ஊன்றி எழுகிறான். இடது கை பக்கத்தில் தொங்குகிறது, யாரோ மாட்டி வைத்த கை மாதிரி. வலது கையைத் தூக்குகிறான்.

"எழுந்துட்டான்!" என்றாள் டொரீத்தா, பழக்கத்தில்.

"இதுக்கு எத்தனை மார்க்கு?" என்று கேட்டாள் வெர்லீன்.

"தடுத்தான்னு ஒரு டிக் இருக்கு."

"விலையில?"

ஹாலோவே தலையைச் சொறிந்தார். "அவன் ஓடலையே, மிஸ் வெர்லீன். ஓட்டத்துக்குத்தான் விலை. அந்த எறிஞ்ச பையனுக்கு வருஷக் கடைசில புது கான்ட்ராக்ட் போட்டாங்களே, அப்ப இந்த ஆட்டத்தத்தான் போட்டுக் காட்டினாங்க." சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார். திரையை நிறுத்திவிட்டு டெல்வினைப் பார்த்தார். "தம்பி, வெளிப்படையாக் கேக்கறேன். இதுக்கு அடுத்த வாரத்துலருந்துதான் சரிவு. அன்னைக்கு ஏதாவது ஆச்சா?"

"என் பையன் ஒரு நாள் படுத்ததில்ல" என்றான் ராஸ்கோ. "ஒரு பயிற்சி விட்டதில்ல. டாக்டர் ஃபைல எடுத்துப் பாருங்க, வெள்ளைப் பேப்பரா இருக்கும்."

"அதுதான் சார் வில்லங்கம். வெள்ளைப் பேப்பர் நம்ம பக்கம் பேசாது. காரணத்தோட இறங்கினா 'ஆறிடும்'னு எழுதுவாங்க. காரணம் இல்லாம இறங்கினா 'தேஞ்சுட்டான்'னு எழுதுவாங்க. அன்னைக்கு அவன் ஒரு நிமிஷம் கிடந்திருந்தாப் போதும். டாக்டர் ஓடி வந்திருப்பாரு. எழுதியிருப்பாரு."

விமானம் ஒருமுறை வீட்டின் மேல் திரும்பிப் போனது. டெல்வின் அம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஜனவரி மாதத்துச் சத்தியம் இருந்தது.

"ஒண்ணும் ஆகல சார்" என்றான்.

"அப்ப ஒரு வழி இருக்கு. இப்ப எப்படி இருக்கான்னு ஒரு வீடியோ எடுத்து அனுப்பலாம். ஓட்டம், பந்து பிடிக்கிறது, ரெண்டு பக்கமும் மோதறது. தெளிவா இருந்தா ரெண்டாவது வருஷத்தையும் உறுதி பண்ணச் சொல்லிக் கேப்பேன்."

ராஸ்கோ எழுந்தே விட்டான். "பள்ளிக்கூட மைதானச் சாவி என்கிட்டதான் இருக்கு. மோதறதுக்கு மெத்தையும் இருக்கு. நானே பிடிக்கிறேன்."

காலணி எடுக்க உள்ளே போன மகனின் பின்னாலேயே வெர்லீன் போனாள்.

"சொல்லிடுடா. நீயே சொல்லிடு."

"சொன்னா ஆபரேஷன்னுவாங்க. இந்த வருஷம் போயிடும். என் இடத்துக்குக் காலேஜ்லருந்து புதுசா ஒருத்தன பாதிக் காசுக்கு எடுத்துப்பாங்க. அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா?"

"கூப்பிடாட்டிப் போறாங்க."

"அப்பா முகத்தப் பாத்தியாம்மா? நான் குழந்தையா இருந்தப்பலருந்து அந்த முகத்துக்காகத்தான் எழுந்திரிக்கிறேன்." குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முயன்றான். இடது கை ஒத்துழைக்கவில்லை. அவள் மண்டியிட்டுக் கட்டிவிட்டாள். கயிற்றை அறுந்துவிடுகிற மாதிரி இழுத்து முடிச்சுப் போட்டாள். ஹாலோவேயை, ஊர்பேர் தெரியாத அந்த டீம்காரனை, புருஷனை, ஈஸ்டர் அன்றைக்குச் சிரித்த சர்ச் கூட்டத்தை, எல்லோரையும் வரிசையாக நிறுத்தி அறைய வேண்டும்போல இருந்தது. வரிசையின் கடைசியில் அவளும் நின்றாள், சத்தியம் பண்ணின வாயோடு.

மைதானத்துப் புல் வெயிலில் காய்ந்து மஞ்சளாகக் கிடந்தது. ஹாலோவே கைபேசியை உயர்த்திப் பிடித்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வெர்லீனும் டொரீத்தாவும் கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

முதலில் ஓட்டம். டெல்வின் ஓடினான். கோபத்தில் நின்றிருந்தவளுக்கும் அது ஒரு நொடி மறந்துபோனது. வலது காலை ஊன்றி இடது பக்கம் வெட்டித் திரும்பினபோது, எதிரே ஆள் இல்லாவிட்டாலும் யாரோ ஏமாந்து விழுந்த மாதிரி இருந்தது. சின்ன வயசில் சோள ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு அவள் கைக்கு அகப்படாமல் சமையலறையைச் சுற்றினதும் இப்படித்தான்.

"இவனையாடி தேஞ்சுட்டான்கிறான்?" என்றாள் டொரீத்தா. "எழுதினவன் கண்ணுல மொளகாப் பொடியப் போட!"

பிறகு பந்து பிடித்தான். எல்லாவற்றையும் உடம்பைத் திருப்பி வலது பக்கமாகவே வாங்கினான். ஹாலோவே கைபேசிக்கு மேலாக ஒருமுறை அவனைப் பார்த்தார். பிறகு ராஸ்கோ அந்தத் தடித்த மெத்தையை மார்போடு அணைத்துப் பிடித்து, தேய்ந்த முட்டியை வளைத்து நின்றான். டெல்வின் வலது தோளால் மோதினான். ராஸ்கோ நாலடி பின்னால் போய் விழாமல் நின்று சிரித்தான். "பாத்தீங்களா சார்! எடுத்தீங்களா!"

"எடுத்தாச்சு. அருமை. இடது பக்கம் ஒண்ணு போதும்."

வெர்லீன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டெல்வின் பின்னால் நடந்து போனான். எப்போதையும்விட இரண்டடி அதிகமாகப் போனான். நின்றான். அம்மா இருக்கிற பக்கம் பார்க்கவில்லை.

"வாடா!" என்றான் ராஸ்கோ.

அவன் வந்தான். தோள் மெத்தையில் பட்ட சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஈரத் துணியை முறுக்கி இழுத்தமாதிரி தோளுக்குள் ஏதோ கிழிவதை வேலிவரைக்கும் கேட்க முடிந்தது. அல்லது வெர்லீனுக்கு மட்டும் கேட்டதோ. ராஸ்கோ அசையவே இல்லை. டெல்வின் பக்கவாட்டில் சரிந்து புல்லில் விழுந்தான். சத்தம் போடவில்லை.

"எழு! டெல்! எழுடா, கேமரா ஓடுது!"

"எழுந்து..." என்று ஆரம்பித்த டொரீத்தாவின் வாய் பாதியில் மூடிக்கொண்டது.

டெல்வின் வலது உள்ளங்கையைப் புல்லில் ஊன்றினான். உடம்பு ஒரு சாண் எழுந்தது, திரும்ப விழுந்தது. மறுபடியும் ஊன்றினான்.

வேலிக் கதவைத் திறந்தாளோ, தாண்டினாளோ, வெர்லீனுக்கு நினைவில்லை. ஆலைக்குப் போகிற நடை அது. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை.

"வெர்லீன், வெளிய நில்லு. எழுந்துருவான். எப்பவும் எழுந்துருவான்."

"வாய மூடு ராஸ்கோ."

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படிப் பேசினதில்லை. மெத்தை அவன் கையிலிருந்து நழுவியது.

ஹாலோவே மெல்லக் கைபேசியைத் தாழ்த்தினார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எதுக்கு இறக்கறீங்க? எடுங்க. மேஜையில உக்காந்து காரணம் காரணம்னு கேட்டீங்களே, இதோ கிடக்கு. நல்லா எடுத்து அனுப்புங்க. எட்டாவது மேட்ச்லருந்து இந்தக் கை தூக்க வரலைன்னு அவன் அம்மா சொல்றதாவும் சேத்து அனுப்புங்க. இவன் டயர் இல்லைன்னும் சொல்லுங்க."

"எட்டாவது..." என்றான் ராஸ்கோ. மகனுடைய தொங்கின கையைப் பார்த்தான். வெயிலில் நின்றவன் தொப்பியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான். எதற்கு எடுத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. போட்டுக்கொண்டு போகவும் இல்லை. முட்டி வளைந்து அப்படியே மகன் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

டெல்வின் மூன்றாவது தடவையாகக் கையை ஊன்றிக்கொண்டிருந்தான். "எழுந்துட்டேன்பா" என்றான் தரையைப் பார்த்தபடி. "ஒரு நிமிஷம். எழுந்துட்டேன்."

வெர்லீன் புல்லில் உட்கார்ந்தாள். ஐஸிலும் மீனிலும் மரத்துப்போன கையை அவன் மார்பில் வைத்து, மெதுவாக, ஆனால் அவனால் மீற முடியாதபடி அழுத்தினாள். இத்தனை வருஷம் விழுங்கி விழுங்கி வைத்திருந்தது, எந்தத் தடையும் இல்லாமல் வாயில் வந்தது.

"எனக்காக ஒண்ணு பண்ணுடா கண்ணு. கிட. எழுந்திரிக்காத."